அருவியை மூடச் சொன்ன வசந்தா டீச்சர்

என் கையெழுத்து ஒரு வரி ஏறும், ஒரு வரி இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல்தான் எழுதப் பழகினேன். இந்தத் தாளுக்கே மூன்று நாள் ஆயிற்று.

போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தார்கள். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வசந்தா. அதன் பிறகுதான் படத்தைப் பார்த்தேன். நம் டீச்சர். யாரும் சொல்லாமல் நானே படித்து அறிந்த முதல் சாவு அவருடையது.

முதியோர் வகுப்பில் என்னோடு படித்த உங்களுக்கு அந்தப் பழைய கணினி நினைவிருக்கும். எழுத்தைக் காட்டும் புரோகிராம் ஒன்று, அதை வாசிக்கும் புரோகிராம் ஒன்று. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். எழுத்து வந்தால் குரல் வராது. கணினியைக் கொடுத்தவர் வந்து பார்த்தார். "திங்கக்கிழமைக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார். அது போனால் வகுப்பும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தன் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதுல வேலை செய்யற எடம் கொஞ்சந்தானுங்க. கூப்புடாமயே வந்து உக்காந்திருக்கறதை எல்லாம் எழுப்பி அனுப்பணும்."

கணினியைப் போட்டதும் தானாகத் திறப்பவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஆனால் கேட்காமல் எதையும் தொடவில்லை. திரையின் ஓரத்தில் புளி விலை ஓடிக்கொண்டிருந்தது. அது நம் வகுப்பு மாரக்கா போடச் சொன்னது.

"அக்கா, மூடிக்கலாங்களா?"

"மூடு கண்ணு. வெலையே ஏற மாட்டேங்குது, அதுக்கு எதுக்கு எடம்?"

கடைசியில் என்னுடையது. திரை முழுக்க ஓடும் ஒகேனக்கல் அருவிப் படம். அந்தப் பெட்டியில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். முடியாது என்றேன்.

"ஐயா, உங்க அருவி ஓடுதுங்க. எழுத்து நிக்குதுங்க."

"அழிச்சுடுவியாம்மா?"

"அழிக்கலைங்க, மூடறோம். உள்ளதான் இருக்கும். நீங்களே மூடுங்க."

"இவரு மவுசைப் புடிச்சா திங்கக்கிழமை ஆயிடும்" என்றார் மாரக்கா.

ஆகவில்லை. நானே மூடினேன். டீச்சர் என் பெயரைத் தட்டினார். 'மு' தெரிந்தது, 'மு' என்று குரலும் கேட்டது. முனியப்பன் முழுவதும் அப்படியே வந்தது. மாதக்கணக்கில் படமாக மட்டும் தெரிந்த எழுத்துகள் அன்று பேசின.

திங்களன்று வந்தவர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "புது மெமரி போட்டீங்களா?"

"ஒண்ணும் போடலைங்க. இப்ப வேண்டாததை மூடினோம். பெருசா மூடுனவரு இவருதான்" என்று டீச்சர் என்னைக் காட்டினார். அன்று பேருந்து வந்தும் ஏறாமல், வீடு வரை நடந்தே போனேன்.

அதற்குப் பின் வகுப்பு முடியும்போதெல்லாம், "ஐயா, உங்க அருவி" என்று திறந்துவிடுவார். ஒரு நாளும் மறந்ததில்லை.

வேலைக்கு உட்காரும் முன் வேண்டாததை மூடுவது, முடிந்ததும் மறக்காமல் திறந்துவிடுவது. அவரிடமிருந்து இதை நான் வைத்துக்கொள்கிறேன். டி.வி.யை நிறுத்திவிட்டுத்தான் இதையும் எழுதினேன்.

அடுத்த வாரமும் எழுதுவேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வகுப்புக் கணினியில். அவர் பெயரை நான் தட்டுகிறேன், குரல் வாசிக்கட்டும். நீங்களும் வாருங்கள். அதன் பிறகு அருவியைத் திறந்துவிடுவோம்.