கடல் வற்றிய கிரகத்தின் கடைசிப் பக்கம்

ஒளியாண்டுகளையும் கருந்துளைகளையும் வாசித்தே வளர்ந்தவள் நான். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் தேநீர் ஊற்றுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நானே இதைச் சொன்னால் நீங்கள் உதட்டைச் சுழிப்பீர்கள், சுழித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ரோகிணி அக்காவின் ஃபிளாட்டில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுவோம், எல்லோரும் விஞ்ஞான நாவல் பைத்தியங்கள். பிடித்த நாவலைக் கையில் புத்தகம் இல்லாமல் வாயாலேயே சொல்ல வேண்டும், முடிவை மட்டும் சொல்லக் கூடாது, அதுதான் எங்கள் வழக்கம். ஆசைப்பட்டவர் தேடிப் பிடித்து வாசிக்க வேண்டியதுதான்.

அதில் குலம் அண்ணை என்று ஒருவர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். யார் எந்த நாவலைத் தொடங்கினாலும், "ஓம் ஓம், அது நான் எப்பவோ வாசிச்சிட்டன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் ஆளை மாட்டிவிடுவோம் என்று, கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வரும்போதே இல்லாத நாவல் ஒன்றை மனதுக்குள் கட்டினேன்.

அன்று வெயில் மஞ்சளாகி, கடல் எது வானம் எது என்று தெரியாத நேரம். கீழே கரையோரத் தண்டவாளத்தில் ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்து தொடங்கினேன்.

"கடல் வத்திப்போன ஒரு கிரகம். அங்கை ஒரு வெளிச்சவீடு. அதைக் காக்கிற பொம்பிளை, கப்பல் வராது எண்டு தெரிஞ்சும் பொழுதுபட விளக்குக் கொளுத்துவா."

குலம் அண்ணை வழக்கம்போல ஓம் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"தாரகை தானே அவவின்ரை பேர்? படுத்தால் அலைச்சத்தம் கேக்குது எண்டு காதுக்குள்ளை பஞ்சு வைப்பா."

நம்பினால் நம்புங்கள், அந்தப் பெயரையோ பஞ்சையோ நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. இரண்டும் பஸ்ஸில் என் தலைக்குள் மட்டும் இருந்தவை.

"என்ரை மனிசி ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை நான்தான் வாசிச்சுக் காட்டினனான்," என்றார். "பழைய புத்தகம், கடைசிப் பக்கங்கள் இல்லை. கப்பல் வந்ததோ, வந்ததோ எண்டு கேட்டபடியே போயிட்டா. பிறகு நான் தேடாத கடையில்லை. முடிவைச் சொல்லுங்கோ, தங்கச்சி."

"இண்டைக்கு மட்டும் சொல்லு," என்றார் ரோகிணி அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

முடிவு என்று ஒன்றை நான் யோசித்திருக்கவே இல்லை. எல்லாம் பொய், அண்ணை, என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயைத் திறந்தேன், அது தன்பாட்டில் வந்தது.

"கப்பல் வரேல்லை, அண்ணை. அந்த வெளிச்சவீடுதான் கப்பல். ஒருநாள் விளக்குக் கொளுத்தினவுடனை அது மெல்ல எழும்புது. யன்னலாலை பாத்தால், வத்தின கடல் முழுக்க இன்னும் எத்தினையோ விளக்குகள் எழும்பி வருது."

அவர் திரும்பி, இருண்டுகொண்டிருந்த கடலைப் பார்த்தார்.

"அப்ப அவ தனியப் போகேல்லை," என்றார்.

"இல்லை, அண்ணை."

அவர் சிரித்தார், அழுதார், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன்பிறகு எந்த நாவலுக்கும் ஓம் போடுவதில்லை, சின்னப்பிள்ளை மாதிரிக் கதை கேட்கிறார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. நாவலின் தொடக்கத்தைக் கட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பஸ்ஸில் எந்த இருக்கை என்றுகூடச் சொல்வேன். முடிவைக் கட்டியதாக மட்டும் நினைவே இல்லை. வாசித்ததாகத்தான் நினைவு. மங்கல் வெளிச்சம், பழுப்பேறிய தாள், ஓரத்தில் நசுக்கிய நுளம்பின் இரத்தக் கறை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பக்கம் அப்படியே வருகிறது. அதைப் பிடித்திருக்கும் கை என்னுடையது அல்ல. மெலிந்த கை, புறங்கையில் சேலைன் ஊசி, அதற்குமேல் பிளாஸ்டர்.