கீழ் ஊருக்குச் சொல்லவில்லை

பிள்ளைகளே, போன கிழமை, வெளிநாட்டில் நாங்கள் இருக்கும் இந்தப் பிளேஸ்டோ வீட்டுக் குசினி மேசையில் சின்னவள் பள்ளிக்கூடத்துக்காக அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலையில் ஓடும் ஓர் ஆற்றை வரைந்துகொண்டிருந்தாள். கரையோர ஊர்களை எழுதியவள், "அப்பா, மேல இருக்கிற ஆக்கள் தண்ணியைத் திறந்துவிட்டா கீழ இருக்கிற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டாள். நான் எழும்பிப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மேல் ஊரில் நாங்கள் இருந்தோம். கீழ் ஊரில் உங்கள் அப்பப்பாவின் தங்கை, என் மாமி, இருந்தார். மழை கூடினால் எங்கள் வயலைக் காக்க மதகுப் பலகையைத் தூக்குவார்கள். அதற்கு முதல் ஒருவர் சைக்கிளில் போய்க் கீழ் ஊருக்குச் சொல்ல வேண்டும். சண்டை நடந்த அந்தத் தை மாதம் அது அப்பப்பாவின் முறை. பாதிவழியில் துவக்கோடு நின்ற ஆமியைக் கண்டு திரும்பி வந்தவர், சொல்லிவிட்டதாகத் தலையாட்டினார். பலகையைத் தூக்கினார்கள். மண்ணிறத் தண்ணீர் அழுகிய வைக்கோல் மணத்தோடு இரைந்து போனது.

பின்னேரம் மாமி வந்தார். முழங்கால் வரை சேறு.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா விளைஞ்சதையாவது வெட்டி ஏத்தியிருப்பமே அண்ணை."

"ரோட்டில ஆமி நிண்டதடி."

"ஓம். நான் அந்த ரோட்டாலதான் வந்தனான்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிய மாமி, பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அப்பப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனாலும் சின்னவளே, திறக்கிற ஆக்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். போக ஏலாவிட்டால், போகவில்லை என்றாவது சொல்ல வேண்டும்.