மல்லிகாவின் நீலக் கால்கள்

அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் நாய்களுக்கு முடிவெட்டும் கடை ஒன்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சடைநாய்க்குத் துணையாகப் போயிருந்தேன். மெஷின் 'கொர்ர்' என்றதும் நாய் என் மடியில் ஏறிக்கொண்டது. ஈர முடியின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மல்லிகா ஞாபகம் வந்துவிட்டது. மல்லிகா யாரென்று யோசிக்காதீர்கள். கல்யாண ஊர்வலங்களுக்கு விடலாமென்று என் அண்ணன் சேக்காட்டில் வாங்கிக் கட்டிய வெள்ளைக் குதிரை.

அப்போது நான் அம்பத்தூரில் ஒரு சட்டை கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தைத்த சட்டையில் தொங்கும் நூலை, துணியில் படாமல் நறுக்குகிற வேலை. யாராவது கேட்டால் 'கார்மென்ட்ஸ்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அண்ணனின் மாமனாருக்குக் குதிரையைக் கண்டாலே ஆகாது. "இன்னா மாப்ளே, குதிரைய வச்சிகினு குடும்பம் நடத்த முடியுமா? வித்துட்டு ஆட்டோ எடு" என்பார். மல்லிகாவின் முதல் ஊர்வலமோ பூந்தமல்லியில், அவருடைய சொந்தக்காரர் வீட்டிலேயே அமைந்தது. அதில் மானம் போனால் அவளை விற்றுவிடுவதாக அண்ணனும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

அன்று காலை, தன் அப்பா மெச்ச வேண்டுமே என்று அண்ணி மல்லிகாவின் கால்களைக் கழுவினாள். குளம்பை மூடுகிற அளவுக்குக் கணுக்காலில் முடி தொங்கும். வேட்டிக்குப் போடுவதுபோல் சொட்டு நீலம் கலந்து ஊற்றினாள். அண்ணிக்கு எதிலும் தாராளக் கை. மேலே குட்டை முடியில் பட்டது கழுவியதும் போய்விட்டது. தொங்கும் முடி மட்டும் பளீரென்று நீலமாகவே நின்றது. "பளிச்சுனு இர்க்கட்டும்னுதானே போட்டேன்" என்று அண்ணி அழுதாள்.

அண்ணன் சலூன்கார நண்பனிடம் மெஷின் வாங்கி வந்தான். சத்தம் கேட்டு மல்லிகா விட்ட உதையில் பக்கெட் தெருவுக்குப் போனது. நான் என் கம்பெனிக் கத்தரியை எடுத்தேன்.

"தள்ளு, ஒதச்சிடப் போவுது!" என்றான்.

"முன்னங்காலத் தூக்கிப் புடிண்ணா. மூணு கால்ல நின்னுகினு எப்பிடி ஒதைக்கும்?"

லாடம் அடிக்கும்போது பார்த்து வைத்திருந்தது. குறுக்கே வெட்டினால் துடைப்பக்கட்டை மாதிரி நிற்கும். அதனால் முடியை நன்றாகக் காயவிட்டு, சீப்பால் மேல்நோக்கி வாரி, பல்லுக்கு வெளியே நீட்டியதை மட்டும் கத்தரியை நேராகப் பிடித்துத் துளித்துளியாக நறுக்கினேன். சட்டையில் ஓட்டை விழுந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். இங்கே தோலில் பட்டால் என் பல் போகும். மத்தியானத்துக்குள் நீலம் முழுவதும் தரையில் கிடந்தது. நாலு காலும் பட்டு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன.

ஊர்வலத்தில் மாமனார் முதலில் கடைசி வரிசையில்தான் நடந்தார். யாரோ, "இன்னா கால்யா! யார் ஊட்டுக் குதிரை?" என்று கேட்டதுதான் தாமதம், கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். "நம்ம மாப்ளேதுதான்!" எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து யார் கேட்டாலும் 'பிசிறு வெட்டுகிறேன்' என்றே சொன்னேன்.

மல்லிகாவை விற்கவே இல்லை. சேக்காட்டிலேயே கிழவியாகிச் செத்தாள். கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அந்த ஊர்வலம் போன சாலையில் மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. மாமனாரும் போய்விட்டார். அவர் வீட்டில் அந்த நாள் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் மாமனாரின் மீசை இருக்கிறது, கடிவாளம் இருக்கிறது, மல்லிகாவின் காது மடல்கூட இருக்கிறது. படம் முட்டியோடு முடிந்துவிடுகிறது.