எத்திராஜ் எடுத்துவைத்த பாதி ஈரல்

எத்திராஜ் இறந்த செய்தியை அவர் மனைவி கஸ்தூரி போனில் சொன்னார். அழவில்லை. "மேடம், அவரு பூட்டாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மதியம் இன்னொரு போன் வந்தது. எத்திராஜும் நானும் வேலை பார்த்த திருவொற்றியூர்ப் பரிசோதனைக்கூடத்தின் மேலாளர் பேசினார். ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பத்தில் இரங்கல் கூட்டமாம், அவர்தான் தலைமையாம், அச்சிட்டுக் கொடுக்க நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமாம். எழுதுகிறேன் என்றேன். எழுதியதை அவரிடம் தரவில்லை. ராயபுரத்தில் நானே அச்சடித்து உங்கள் கையில் தருகிறேன்.

எத்திராஜை உங்களில் பலருக்குக் குப்பத்து மனிதராகத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் வேறு. சுண்டுவிரல் உயர டியூபில் புளியங்கொட்டை அளவு மீன் ஈரலைப் போட்டு, ஜவ்வரிசி போன்ற வெள்ளைப் பீங்கான் மணிகளையும் உப்புக் கரைசலையும் சேர்த்து, மெஷினில் பொருத்தி ஆட்டுவார். மணிகள் அடிக்கும் அடியில் ஈரல் கரைந்து கூழாகிவிடும். ஆனால் அடி விழ விழச் சூடு ஏறும். அரை நிமிடம் ஆட்டினால் ஒரு நிமிடம் ஐஸில் வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் எத்திராஜ் யாருடனும் பேச மாட்டார். எடுத்த டியூபை, சூடு தணிந்ததா என்று மணிக்கட்டில் ஒற்றிப் பார்த்த பிறகே மறுபடி மெஷினில் வைப்பார். கையுறையை விலக்கி அப்படிச் செய்யக் கூடாது என்று நான் கண்டிக்காத நாள் இல்லை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு ஈரலிலும் பாதியை வெட்டி, சீட்டு ஒட்டி, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுவார். எங்கள் விதிகளில் அது கிடையாது. அவருடைய அம்மா மீன் விற்றபோது செய்ததாம். "வாங்கினவன் நாளைக்கு வந்து மீனு கெட்டதுன்னு பேஜார் பண்ணுவான் மேடம். பாதி நம்ம கைல இருக்கணும்" என்றார். இடத்தை அடைக்கிறது என்று நான் முணுமுணுத்தேன்.

எண்ணூர்க் கழிமுகத்தில் கறுப்பு எண்ணெய் படர்ந்த வருடம், நீங்களே பிடித்துக் கொடுத்த மடவை மீன்கள் எங்களிடம் வந்தன. எண்ணெயில் வாழும் மீனின் ஈரலில் ஒரு நொதி ஏறும். அதை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும், மீன் நலமாக இருப்பதாக எண் சொல்லும். மேலாளருக்கு மாலைக்குள் அறிக்கை வேண்டியிருந்தது. ஐஸ் வேண்டாம், நிறுத்தாமல் ஆட்டு என்றார்.

"சார், இப்பவே சுடுது. இப்டியே வுட்டா வெந்துபூடும். அப்பால மெஷினு இன்னாத்தைக் காட்டும்?"

"உன்னை ஈரல் வறுவல் பண்ணச் சொல்லலை எத்திராஜ். ஆட்டு, அவ்வளவுதான்."

நான் அடுத்த மேசையில் இருந்தேன். இது முறையல்ல என்று ஒருமுறை சொன்னேன். எழுந்து போய் மெஷினை நிறுத்தவில்லை.

மீனுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று அறிக்கை போனது. அதைப் பற்றி அப்போது உங்கள் குப்பத்தில் நடந்த கூட்டத்தில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், எண்ணெய் படாத நல்ல கடல் மீனுக்கே இந்த எண் இதைவிட அதிகம் வருமே என்று கேட்டார். உடனே மேலாளர், எத்திராஜ் ஐஸ் வைக்க மறந்துவிட்டான் என்றார். அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பினார். அதை நம்பியவர்கள் நீங்கள். டீக்கடையில் "இன்னா நைனா, ஈரல் வெந்துச்சா?" என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். எத்தனை வருடம் கேட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அவர் போன மறுநாள் அடித்தட்டிலிருந்த பாதிகளை எடுத்தேன். அரை நிமிடம் ஆட்டி, ஒரு நிமிடம் ஐஸில் வைத்து, அவர் செய்த மாதிரியே செய்தேன். மணிக்கட்டிலும் ஒற்றிப் பார்த்தேன். எண்கள் பல மடங்கு ஏறி நின்றன. டியூப்களிலிருந்து அவர் எழுதிய சீட்டுகளை உரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒட்டி, மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "அவன் பொண்ணு நம்ம ஆபீஸ்லதான் டைப் அடிக்குது, மறந்துடாதீங்க மேடம்" என்றார்.

நெட்டுக்குப்பத்துக்குப் போய் எத்திராஜிடம் தாளைக் காட்டினேன். ஒவ்வொரு சீட்டாகத் தடவிப் பார்த்தார். "இப்ப வாணாம் மேடம். பொண்ணு அங்க கீது. நான் போனப்பறம் எழுதுங்க. இங்கிலீஷ்ல எழுதிடாதீங்க, எங்காளுங்க படிக்கணும்" என்றார். என் கான்வென்ட் படிப்பை அவர் குத்திக்காட்டியது அந்த ஒரு தடவைதான்.

அவர் மகள் போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இனி யாருக்காகவும் நான் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. மன்னித்துவிடுங்கள் என்று என்னிடம் சொல்ல வருகிறவர்கள் வர வேண்டாம். மன்னிக்க உரிமை இருந்த ஒரே ஆளை நேற்றுக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தலைமை தாங்கும் மேலாளர் பேசி முடித்ததும் நான் எழுந்து, அந்தத் தாளை உங்கள் முன் படித்து, கஸ்தூரியின் கையில் கொடுப்பேன். கொடுக்கப்போவது நகல். எத்திராஜ் எழுதிய சீட்டுகள் ஒட்டிய மூலத்தை நானே வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு எவராவது வந்து பேஜார் பண்ணினால் நம் கையில் இருக்க வேண்டும் அல்லவா, எத்திராஜ்?