வாசலுக்குக் குறுக்கே ஒரு கட்டை

எலிசபெத் முப்பத்துநாலு வருஷம் பாளையங்கோட்டையில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற வருஷமே கணவர் ரிச்சர்டுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாடகை வீடு மாடியில். தனியாக அவரைத் தூக்கி இறக்க அவளால் முடியவில்லை. இரண்டு வருஷம் அவர் தெருவைப் பார்க்கவில்லை.

ரிச்சர்டின் குடும்பப் பங்கில் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெற்களஞ்சியம் கிடந்தது. தேக்குத் தூண்கள், பனங்கைச் சட்டங்கள், மேலே ஓடு. சுவர் பேருக்குத்தான், பாரம் முழுவதும் மரத்தின் மேல். அதை வீடாக்கிவிட்டால் படி இறங்காமல் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைத்தாள்.

தச்சர் ஆவுடைநாயகம் இற்றுப்போன பலகைத் தரையைப் பெயர்த்தார். சிமெண்டு போட்டார்கள், ஜன்னல் வைத்தார்கள். வாசலில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கத்துத் தூண்களும் அதில்தான் செருகியிருந்தன.

"இதை அறுத்திருங்க."

"அறுக்கப்படாதும்மா. தூணு ரெண்டையும் இதுதான் பிடிச்சுக்கிட்டு கெடக்கு. இது போச்சுன்னா கால் விரியும். மேல உள்ளது பூரா எறங்கிரும்."

"அப்ப சரிவா மேடை போடுங்க."

"மூணடியில வாய்க்கா. சாரை நேரா தண்ணியிலயா கொண்டு விடச் சொல்லுதிய?"

சாமான் ஏற்ற வந்தவர்கள் மாடியிலிருந்து இறக்கிவிட, சக்கர நாற்காலியில் வந்திருந்த ரிச்சர்ட் சிரித்தார். நோய் அவருக்கு மிச்சம் வைத்தது ஒரே ஒரு சொல். "ஆமா" என்றார்.

"பாத்தியளா, அவரே அறுக்கச் சொல்லுதாரு," என்றாள் எலிசபெத்.

"சாரு எதுக்குத்தான் ஆமா சொல்லல? காப்பி வேண்டாமான்னாலும் ஆமாதான்."

ஆனாலும் தச்சர் அறுத்தார்.

நாலு மாதம் நன்றாகப் போயிற்று. காலையும் மாலையும் வாய்க்கால் கரையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். பஸ் போனால் இடது கையைத் தூக்குவார். சில டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

ஐப்பசி மழையில் ஓடு தண்ணீர் குடித்துக் கனத்தது. முதலில் கதவு சேரவில்லை. பிறகு நிலைக்கு மேலே விரல் நுழைகிற இடைவெளி. அடுத்த வாரம் கையே நுழைந்தது. ஆவுடைநாயகம் தூணடியில் இரும்புப் பட்டை அடித்துப் பார்த்தார். அடி இற்றுப்போன மரத்தில் ஆணி நிற்கவில்லை.

"பழையபடி குறுக்க கட்டையை ஏத்தினாத்தான் நிக்கும். இன்னைக்கே ஏத்தணும். நாளைன்னு சொல்லாதிய."

"அப்புறம் இவரு எப்படி வெளிய வருவாரு?"

"நாலு பேரு தூக்கினா வரலாம்."

"நாலு பேருக்கு நான் எங்கன போவேன்?"

ஆவுடைநாயகம் ஏற்கெனவே புதுக் கட்டையைக் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார். பாளையங்கோட்டை வீட்டில் வேறு ஆள் குடிவந்தாயிற்று. போவதற்கு இடமில்லை.

ரிச்சர்ட் வெளியே பூவரசு மரத்தடியில் இருந்தார். முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"கட்டையை ஏத்தும்போது சாரு உள்ள இருக்கட்டுமாம்மா, வெளியவா?" என்று ஆவுடைநாயகம் மெதுவாகக் கேட்டார்.

மேற்கே பாபநாசத்துப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எலிசபெத் போய் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பப் பார்த்தாள். அது நகரவில்லை. இடது கையால் அவர் சக்கரத்தைப் பிடித்திருந்தார்.

"மழை வருதுங்க," என்றாள்.

"ஆமா."

பிடியை விடவில்லை. அவள் குனிந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.