பைலட் விழுங்கிய ‘யை’

காரைச் சுற்றி வருகிறார் பைலட். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே மட்கார்டு, முன் கதவு, கண்ணாடி என்று தடவிக்கொண்டே நடக்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. தினமும் காலையில் இப்படி ஒரு சுற்று உண்டு. ஆனால் இந்த ஒரு வாரமாகச் சுற்று முடிவதில்லை. வலதுபுறப் பின் கதவுக்கு வந்ததும் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. வந்த வழியே திரும்பி, மறுபக்கமாக வந்து, மறுபடியும் அதே கதவுக்கு முன்னால் நிற்கிறார். தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்க்கிறார். மறுபடி நடக்கிறார்.

“டீ ஆறி ஆடை கட்டிடுச்சு,” என்று மாடியிலிருந்து மனைவி குரல் கொடுக்கிறாள். “மேல வரீங்களா, இல்ல வண்டிக்கே கொண்டுவந்து ஊத்தட்டுமா?”

பைலட் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வாடகைக் கார் வைத்திருக்கிறார். அவரே முதலாளி, அவரே டிரைவர். அவர் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து நிரம்பிய காபிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம், சட்டையில் ஒரு சொட்டு சிந்தாது என்று சவாரிக்காரர்கள் வைத்த பெயர் அது. அந்தப் பெயரை அவரே பரப்பினார் என்று சொல்பவர்களும் உண்டு. பரப்பினால்தான் என்ன? ஆறாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவன் காரைக் கழுவிக்கொண்டிருந்த கை அது. இன்று சொந்தக் காரின் சாவியை விரலில் சுழற்றுகிறது. சும்மா வந்துவிடுமா? யாரும் தூக்கிவிடவில்லை, யாரும் சிபாரிசு செய்யவில்லை. சொல்லிக்கொள்ள அவருக்குப் பாத்தியதை உண்டு. சொல்லிக்கொள்வதில் அவர் குறையும் வைப்பதில்லை.

“இத்தனை வருஷத்துல ஒரு கோழியை இடிச்சிருப்பேனா? ஒரே ஒரு கோழி! யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

“யாரைக் கேக்கறது பைலட் சார், கோழியையா?” என்று கீழே கடை வைத்திருக்கும் லாண்டரிக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பைலட்டின் சட்டைகள் வேறு கடைக்குப் போயின.

வீட்டிலும் அவர் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருப்பார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வேகமாகப் பேச ஆரம்பித்தால், வலது கால் தரையை அழுத்தும். பிரேக். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள். வாயும் மெஷினைப் போலத்தான் ஓடும். பேசிக்கொண்டே அந்தக் காலைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு அழுத்தினாலும் நான் நிக்க மாட்டேன்,” என்பாள்.

போன வாரம் மதியம். வாசலில் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட மேலே போனார். இரண்டு வாய் உள்ளே போயிருக்காது, கீழே ஒரு சத்தம். தன் வண்டியின் தகரம் எழுப்பும் சத்தம் அவருக்குத் தெரியாதா? எச்சில் கையோடு படி இறங்கி ஓடினார். பின் கதவு குழிந்து உள்ளே போயிருந்தது. தரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்குச் சில்லு. இடித்த வண்டி எப்போதோ மூலை திரும்பிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. லாண்டரிக்கடையின் கேமரா, தன் முதலாளியின் கல்லாப்பெட்டியை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று முதல் அந்தச் சில்லு அவர் சட்டைப்பையில் கிடக்கிறது. இடித்தவனைக் கண்டுபிடிக்க, அடுத்தவர் கார் நிற்கிற இடத்தில் எல்லாம் குனிந்து, முன் விளக்குக்குப் பக்கத்தில் சில்லை வைத்துப் பார்க்கிறார், துணிக்குப் பொருந்துகிற பித்தானை மனைவி வைத்துப் பார்ப்பாளே, அது மாதிரி. “என்ன பெரியவரே, விளக்கைக் கழட்டப் பாக்கறீங்களா?” என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அசிங்கப்பட்டுத் திரும்பியவர், வீட்டுக்கு வரும் வழியிலேயே இன்னும் மூன்று கார்களுக்குக் குனிந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சம்பவம் நடந்த கையோடு போன் போட்டாயிற்று. அதைப் பற்றித் தெருவில் அவர் சொன்னது இது: “கணீர்னு சொல்லிட்டேன்ல! ஒரு தடுமாற்றம் கிடையாது. எதிர்ல பேசின பொண்ணே அசந்து போச்சு.” மனைவி பக்கத்தில்தான் நின்றாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வழக்கத்துக்கு மாறாக அதிலேயே கண்ணாக இருந்தாள்.

சேதத்தைப் பார்க்க ஒரு சர்வேயர் வந்தான். வயசுப் பையன். போனில் நாலு படம் எடுத்தான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்: “எதுல சார் இடிச்சீங்க? தூண்லயா, கேட்லயா?”

பைலட்டுக்குச் சுர்ரென்று ஏறியது. “நான் இடிச்சேனா? நின்னுக்கிட்டிருந்த வண்டி தம்பி இது! எவனாவது பின் கதவால போய் இடிப்பானா?”

“ரிவர்ஸ்ல திரும்பும்போது உரசிக்கிறவங்க நிறையப் பேர் சார். உங்க வண்டிதான் இடிச்சதுன்னு நீங்களே போன்ல சொன்னதா பதிவாகியிருக்கு.”

கதவு நசுங்கியதுகூட அப்புறம். தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். பைலட்டின் வண்டி ஓர் அலுவலகத்துக்கு ஓடுகிறது. காலையில் ஊழியர்களை ஏற்றிப் போய், சாயங்காலம் வீட்டில் இறக்கிவிட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. டிரைவர் தப்பால் விபத்து என்று இன்சூரன்சில் ஏறிவிட்டால், வண்டி வெளியே. போக்குவரத்து மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. “வெள்ளிக்கிழமைக்குள்ள அதை மாத்திட்டு வாங்க பைலட். இல்லன்னா திங்கட்கிழமை காலையில வேற வண்டி வந்து நிக்கும். என்மேல வருத்தப்படாதீங்க.”

லாண்டரிக்காரருக்கு யார் சொன்னார்களோ. “என்ன பைலட் சார், ஃபிளைட்டு எங்கயோ உரசிடுச்சாமே?”

பைலட் சட்டையைக்கூட வாங்காமல் நடந்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து சமையலறைக்கும் நடந்தார். அந்தப் பக்கம், ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றார்கள். அழுத்தினார். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். “இவனுங்க போடற பாட்டுக்கு நான் ஆடணுமா?” என்று கத்திக்கொண்டே, அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நேரிலேயே கிளம்பிவிட்டார். மனைவியும் மெஷினை மூடிவிட்டுக் கூடவே வந்தாள். கிளை அலுவலகத்தில் ஒரு கவுன்டர், அதற்கு ஒரு கண்ணாடித் தடுப்பு, முன்னால் ஒரு வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தார்.

“‘வண்டி இடிச்சிருச்சு’ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. எந்த வண்டின்னு போன்ல எங்க பொண்ணு கேட்டிருக்கு சார். ‘என் வண்டிதான்’னு நீங்க சொல்லியிருக்கீங்க.”

“ஆமா. என் வண்டிதான்! இடிச்சிருச்சுல்ல?”

“எதை இடிச்சது?”

“எதையும் இல்ல சார். என் வண்டி!”

“அதான் சார். உங்க வண்டி இடிச்சிருச்சு.”

“அதைத்தானே நானும் தலையால அடிச்சுக்கிட்டுச் சொல்றேன்!”

வரிசையில் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். மனைவிக்குத்தான் விஷயம் முதலில் பிடிபட்டது.

“என் வண்டியைத்தான்னு சொல்லியிருக்கணும். அந்த ‘யை’யை முழுங்கிட்டீங்க.”

“எந்த யை?”

“கோழியை இடிச்சேனான்னு ஊரெல்லாம் கேக்கத் தெரியுதுல்ல? கோழிக்குப் போடற யையை வண்டிக்கும் போட்டா என்ன குறைஞ்சுபோகும்?”

பைலட் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். என் வண்டி இடிச்சிருச்சு. என் வண்டியை இடிச்சிருச்சு. முகம் சுண்டிப் போயிற்று. ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்து இல்லாமல், பூனை போல நின்றுகொண்டிருந்த வண்டி கிளம்பிப் போய் எங்கேயோ மோதிவிட்டது.

“இப்ப சொல்றதை வச்சு மாத்த முடியாது சார்,” என்றார் அதிகாரி. “அன்னிக்குப் பேசினதுல வேற ஏதாவது இருந்தா மாத்தலாம். எங்க பொண்ணு முதல்ல சொன்னதை மட்டும் எழுதியிருக்கு. முழுப் பேச்சும் பதிவாகியிருக்கு. போட்டுக் கேப்போமா? ஹெட்போன் இல்ல, ஸ்பீக்கர்தான்.”

“போடுங்க! நல்லா சத்தமாவே போடுங்க சார். எல்லாரும் கேக்கட்டும்!” பைலட் வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றார், மேடை ஏறியவர் போல. மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் கவனிக்கவில்லை.

முதலில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒரு குரல். அது தன் குரல்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வண்டி… வண்டி இடிச்சிருச்சும்மா…”

“எந்த வண்டி சார்?”

“என் வண்டிதாம்மா… என் வண்டிதான்…”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. தேம்பல் வந்தது. பெரிய ஆம்பளை ஒருவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழும் சத்தம், கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்தது. “அழாதீங்க சார். பக்கத்துல யாராவது இருக்காங்களா? முதல்ல உக்காருங்க சார்,” என்று அந்தப் பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சிரித்தவர் தன் செருப்பைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தாள். அவள் அன்றைக்கே பக்கத்தில் நின்று கேட்டவள். அதிகாரி கையை நீட்டி, கவுன்டர் ஓரத்தில் இருந்த ஸ்பீக்கரின் குமிழைத் திருப்பிச் சத்தத்தை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கினார்.

“மீதியை நான் அப்புறமா தனியாக் கேட்டுக்கறேன் சார்,” என்றார் மெதுவாக. “திங்கட்கிழமை மதியம் வாங்க.”

காலையிலேயே வேறு வண்டி வந்து நின்றுவிடுமே! ஒரு வாரமாக நிற்காத கால்கள் அப்போதுதான் ஓர் இடத்தில் நின்றன. பைலட் கண்ணாடிக்கு அடியில் இருந்த இடைவெளியில் கையை முழங்கை வரை நுழைத்தார். எட்டி அந்தக் குமிழைப் பிடித்தார். வலதுபுறமாக, அது போகிற வரைக்கும் திருகினார்.

அவர் அழுகை அறை முழுக்க நிறைந்தது. அதற்கு நடுவே, உடைந்து உடைந்து: “நான் மேல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேம்மா… கையைக்கூடக் கழுவல… நிறுத்தி வச்ச வண்டியில எவனோ வந்து…”

அதிகாரியின் விரல்கள் கீபோர்டுக்குப் போயின. பைலட் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.