வசந்தன் என்ற பெயரில் ஏழு வருடங்கள்

இந்த ஊர்ச் சனம் படம் முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாது. கறுப்புத் திரையில் பெயர்கள் மேலே போய்க்கொண்டிருக்கும். விளக்குப் பிடித்தவர், வண்டி ஓட்டியவர், படப்பிடிப்புக்குச் சமைத்துப் போட்டவர் என்று ஒவ்வொரு பெயரையும் சொந்தக்காரர் பெயர் போலப் பார்த்துக்கொண்டு இருட்டில் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கடைசிக் காட்சி முடிய முன்னரே சைக்கிள் எடுக்க ஓடிய ஆட்கள். பாரிஸுக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகியும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிபடவில்லை. போன சனிக்கிழமை மத்தியானம் முதன்முறையாக நானும் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை என்பதுதான் சரி.

கூட்டிக்கொண்டு போனது மகள் துளசி. லிசே என்ற உயர்பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள். இந்தப் படத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதவேண்டுமாம். பிரித்தானியப் படம், ஆட்டம் பாட்டம் கிடையாது. மழை, ஊறிப்போன சுவர்கள், கடலோர நகரம் ஒன்றில் மீன் அடைக்கும் தொழிற்சாலை, அங்கே வேலை செய்யும் இரண்டு நண்பர்கள். ஒருவன் வாயாடி. மற்றவன் மாடு மாதிரி உழைப்பவன். வாயாடி செய்த பிழைகளையெல்லாம் மற்றவன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். கடைசியில் பொலிஸ் அறையில் வைத்து, செய்தவனின் பெயரைச் சொல் என்கிறார்கள். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். படம் அதோடு முடிந்துவிட்டது. அவர்களுடைய ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை, கீழே ஓடிய பிரெஞ்சு எழுத்தில் பாதியைத்தான் பிடிக்க முடிந்தது. ஆனால் அந்த மேசை எனக்கு நன்றாக விளங்கியது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. "பப்பா, அவன் ஏன் சொல்லவில்லை? ஒரு பெயர்தானே," என்று துளசி பிரெஞ்சில் கேட்டாள். நான் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஒரு பெயர்தான். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் இல்லாமல் இருந்ததும் அதுதான். கேதீஸ்வரன் என்ற என் சொந்தப் பெயர், அகதி விண்ணப்பத்தை மறுத்த கடிதத்தில் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் வேலை கேட்பது? ஊரில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த வசந்தனிடம், இங்கே தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் கார்ட் இருந்தது. மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் ஆறாம் மாடியில் அவனுக்கு ஓர் அறை. ஒற்றைக் கட்டிலில் இருவரும் தலைமாடு கால்மாடாகப் படுப்போம். ஒரு காலை அவன் கார்டை எடுத்து என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இந்தா மச்சான். இனி நீதான் வசந்தன். வெள்ளையளுக்கு எங்கட முகம் எல்லாம் ஒண்டுதான்."

எங்கட சனம் கடை போட்டுக் கூடும் லா ஷப்பலில் அந்தக் காலத்தில் இது ஊரறிந்த வழக்கம். ஒருவனின் கார்ட்டில் இன்னொருவன் வேலை செய்வான். வசந்தன் பதிவில்லாமல் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கப் போனான். நான் அவனுடைய பெயரில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். கழுவும் இயந்திரத்தின் மூடியைத் தூக்கினால் நீராவி முகத்தை மூடும். அந்த வெள்ளைக்குள் இருந்து "வசந்தன்" என்று குரல் வரும். முதல் மாதம் நான் திரும்பமாட்டேன்; எனக்குக் காது மந்தம் என்று நினைத்து, முதலாளியான ஷெஃப் கிட்ட வந்து கத்துவார். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு யாராவது கேதீஸ் என்றால்தான் ஒரு கணம் யோசிக்கவேண்டியிருந்தது. கனவில் அம்மா என்னை வசந்தன் என்று கூப்பிட்டா. நானும் "ஓம்" என்று எழும்பிப் போனேன்.

ஒரு முறை எனக்குக் கடும் காய்ச்சல். வேலை போய்விடக்கூடாது என்று அன்றைக்கு வசந்தனே தன் கார்டோடு போனான். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, கட்டிலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷெஃப் கார்டில் இருந்த படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ வசந்தன் இல்லை, வசந்தனை எனக்குத் தெரியும்" என்று வெளியே அனுப்பிவிட்டாராம். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிறகு அவனே கஞ்சி வைத்து ஊட்டிவிட்டான்.

ஐந்தாம் வருடம் ஒரு வழி திறந்தது. இத்தனை காலம் வேலை செய்ததைக் காட்டினால் என் பெயரிலேயே கார்ட் கிடைக்கும் என்றார்கள். சம்பளத்துண்டுகள் எல்லாம் வசந்தன் பெயரில். வசந்தன் என்று வேலை செய்தவர் இவர்தான் என முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும், அவ்வளவுதான். அந்தக் காய்ச்சல் நாளோடு எல்லாம் விளங்கிவிட்டதென்று சொல்லி ஷெஃப் கையெழுத்துப் போட ஆயத்தமாக நின்றார். மறித்தது வசந்தன். ஊரில் இருந்த மனைவி சாந்தியைக் கூப்பிட, நான் உழைத்த அதே சம்பளத்துண்டுகளைத்தான் அவன் கார்ட் கொடுக்கும் அலுவலகமான பிரெஃபெக்தூரில் கொடுத்திருந்தான்.

"இப்ப கடிதம் குடுத்தியெண்டால் என்ர ஃபைல் நாறிப்போகும், மச்சான். சாந்தி வரட்டும். பிறகு நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்."

சாந்தி வந்தா. விமான நிலையத்தில் அவவின் பெட்டியைத் தூக்கியது நான்தான். பிறகு, அவவுக்குக் கார்ட் கிடைக்கட்டும் என்றான். ஏழாம் வருடம் ஷெஃப் மாரடைப்பில் போய்விட்டார், கடை கைமாறியது, அந்தக் கையெழுத்தும் போனது. வேறு வழியில் எனக்குக் கார்ட் கிடைக்க மேலும் ஆறு வருடம் எடுத்தது. அந்த ஆறு வருடத்துக்குள்தான் அப்பா செத்தார். நான் போகவில்லை. வசந்தன் என்னைத் தன் தேவைக்குப் பாவித்தானா என்று கேட்டால், பாவித்தான். அவன் என் நண்பனா என்று கேட்டால், அதற்கும் ஓம்தான். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

படம் பார்த்த அன்றே பின்னேரம், சார்செலில் எங்கள் வீட்டில் துளசி கணினிக்கு முன்னால் இருந்தாள். நான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறேன், நிரப்புவது அவள். வந்த நாள் முதல் எங்கெங்கே வேலை செய்தேன் என்று ஒரு பக்கம்.

"இந்த ஏழு வருசம் என்ன பப்பா?"

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளிடம் சொன்னேன். பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தவள் தமிழுக்கு வந்தாள். "வசந்தன் மாமாவா?" அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன் அவன். சாந்தி மாமி இவளுக்கென்று தனியாக முறுக்குச் சுட்டு வைப்பா.

"பேரை எழுதட்டா?"

"வேண்டாம்."

அவள் 'சான்ஸ் ஆம்ப்ளுவா' என்று அடித்தாள். வேலையற்றவர். கொதிநீரில் கை தோல் உரிய நின்ற ஏழு வருடத்துக்கு அதுதான் பெயர். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அனுப்பவில்லை என்றாள்.

மறுநாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டு லா ஷப்பலில் உள்ள ரூ பெர்தொனே தெருவுக்கு மரக்கறி வாங்கப் போனேன். தேநீர்க் கடை வாசலில் கையில் கோப்பையோடு வசந்தன் காத்திருந்தான். விண்ணப்ப விசயம் அவனுக்குத் தெரியும்.

"எழுதிப்போட்டியோ?"

"உன்ர பேர் வராது."

அவன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். "அங்கை நல்ல விளைமீன் வந்து கிடக்கு, பாத்தனியோ?" என்றான். அவ்வளவுதான். துளசி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பின்னால் ஒரு பிரெஞ்சுப் பெண்குரல், "வசந்தன்!" என்றது. வசந்தன் திரும்பவில்லை. கூப்பிடுவது தன்னை அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். திரும்பியது நான். பழைய உணவகத்தில் மேசைகளுக்குப் பரிமாறிய மொனிக், தலை முழுக்க நரைத்து, கையில் கறிவேப்பிலைக் கட்டோடு நின்றாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்கள் அப்பா கழுவிய கண்ணாடிக் கோப்பையில் ஒரு கறை இருக்காது" என்று துளசியிடம் சொன்னாள். அவள் போகும்வரை வசந்தன் தன் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் ரயிலில் துளசி தன் கைத்தொலைபேசியில் விண்ணப்பத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"அதை அழி," என்றேன். "பாத்திரம் கழுவினவர் எண்டு எழுது. ஏழு வருசம். என்ர பேர் மட்டும் போதும்."

"நிரூபிக்கச் சொல்லிக் கேட்பார்கள், பப்பா."

கேட்பார்கள். என்னையும் ஒரு மேசைக்கு முன்னால் இருத்துவார்கள். நான் வாயைத் திறப்பேனா, மேசையைப் பார்ப்பேனா என்று இப்போது தெரியாது. அதற்கு முதல் காத்திருப்பு அறையில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். அதற்காகத் துளசி தினமும் குசினி வாசலில் நின்று அதிகாரி குரலில், "மெஸ்ஸியே கேதீஸ்வரன்" என்று கூப்பிட்டுப் பார்க்கிறாள். நான் இன்னும் ஒரு கணம் பிந்தித்தான் எழும்புகிறேன்.